குழாய்க்கு எந்தத் திசை

வள்ளிநாயகம் பிள்ளைக்கு மெஷினைப் பற்றி ஒன்றும் தெரியாது. திருவிதாங்கூர் அஞ்சல் இலாகாவில் காலமெல்லாம் முத்திரை குத்தி, அந்த இலாகா இந்தியத் தபாலோடு சேர்ந்த வருஷம் ஓய்வுபெற்று ஊருக்கு வந்தவர். ஆனால் கூட்டத்தில் அவர் எழுந்து நின்றால் உட்காரச் சொல்ல ஒருத்தருக்கும் துணிச்சல் வராது. அப்படி ஒரு குரல். இராஜாக்கமங்கலம் போகிற ரோட்டில் நாலு பேர் பங்கு போட்டு நீராவியில் ஓடும் ரைஸ் மில் ஒன்று தொடங்கியபோது, அந்தக் குரலுக்காகவே அவரைக் கம்பெனித் தலைவராக்கினார்கள்.

தலைவரான நாளிலிருந்து பிள்ளைக்கு எஞ்சின் மீது ஒரு பைத்தியம். பச்சைப் பெயிண்ட் அடித்து, பித்தளை வளையங்கள் பூட்டி, கோயம்புத்தூரிலிருந்து லாரியில் வந்து இறங்கிய எஞ்சின் அது. காலையில் குளித்து நீறு பூசியதும் நேரே எஞ்சின் அறைக்குத்தான் போவார். தோளில் கிடக்கும் துவர்த்துத் துண்டை எடுத்து எஞ்சினைத் துடைப்பார். சிலிண்டர் மூடியைக் கழற்றி வைத்திருந்த ஒருநாள் உள்ளே எட்டிப் பார்த்தார். கண்ணாடி போல வழவழவென்று இருந்த உட்சுவரில் அவர் முகம் தெரிந்தது. வீட்டு நிலைக்கண்ணாடியில் தெரிவதைவிட அந்த முகம் வயது குறைந்ததாக இருந்தது. அன்றைக்குச் சாப்பாட்டில் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கினார்.

பாய்லர் முற்றத்தின் ஒரு மூலையில், எஞ்சின் அறை மறு மூலையில். இரண்டுக்கும் நடுவே தூண்களின் மேல் புதுக் குழாய் போயிற்று. குழாய் பொருத்த வந்தவர் கடற்கரைக்காரர் கிளீட்டஸ். கொழும்புத் துறைமுகத்தில் கப்பல் பாய்லர்களோடு மல்லுக்கட்டியவர். ஏறின கப்பலைப் பற்றியும் ஏறாத கப்பலைப் பற்றியும் ஒரே மாதிரி பேசுவார். அவர் பேச்சில் எந்தக் கப்பலும் அவர் இல்லாமல் கரை சேர்ந்ததில்லை.

குழாய் முழுக்கப் பொருத்தி முடிந்ததும், எஞ்சினோடு சேர்க்கும் கடைசித் துண்டை மட்டும் கிளீட்டஸ் மாட்டாமல் வைத்தார்.

"ஏன் வேய், அதை மட்டும் விட்டுவச்சிருக்கீரு?" என்றார் பிள்ளை.

"பிள்ளைவாள், புதுக் குழாயாக்கும். உள்ளுக்குள்ள துரு இருக்கும், செதில் இருக்கும், வெல்டிங் கட்டி இருக்கும். நம்ம ஆளுவ துப்பின பீடிகூட இருக்கும். இதை அப்படியே எஞ்சினுக்கு மாட்டினா அத்தனையும் சிலிண்டருக்குள்ள போயி விழும். அதுக்கு முன்ன வெறும் ஆவியை முழு வேகத்துல விட்டு வெளியே ஊதித் தள்ளணும். ஊதி, ஆறவிட்டு, திரும்பவும் ஊதணும். ஆறும்போதுதான் ஒட்டிட்டு இருக்கிற செதில் பெயரும்."

"எத்தனை தடவை?"

"அது குழாய்க்கில்லா தெரியும்." கிளீட்டஸ் பளபளவென்று தேய்த்த ஒரு பித்தளைத் தகட்டைக் காட்டினார். "குழாய் வாய்க்கு நேரே இதைக் கட்டிவைப்பேன். துருத் துணுக்கு வந்து அடிச்சா இதுல பள்ளம் விழும். பள்ளமே விழாத அன்னைக்குக் குழாய் சுத்தம். கொழும்புல ஒரு வெள்ளைக்காரக் கப்டன்…"

"கப்டன் இருக்கட்டும். ஆவி எந்தப் பக்கமாட்டு வெளிய போகும்?"

"நீங்க காட்டுற பக்கம். திருப்புறதுக்கு ஒரு வளைவுத் துண்டு இருக்கு. பின்னே, ஒண்ணு சொல்லிப்போடுகேன். ஆவியோட எல்லா அழுக்கும் அந்தப் பக்கம் போகும்."

பிள்ளை டைரக்டர்களைக் கூட்டினார். அவரைத் தவிர மூன்று பேர். மில்லுக்குக் கிழக்கே தென்னந்தோப்பில் வீடு கட்டி, அப்போதுதான் வெள்ளையடித்து முடித்திருந்த தாணப்பன், பிள்ளையின் சகலை. மனைவிமார் அக்கா தங்கை என்பதால் இவர்கள் பேசிக்கொள்ளாத நாட்களிலும் பேச்சு போய்ச் சேர்ந்துவிடும். வடக்கே கொப்பரைக் களம் வைத்திருக்கும் வியாபாரி பொன்னுலிங்கம், ஐயாவழிக்காரர், அதிர்ந்து பேசாதவர், விட்டும் கொடுக்காதவர். மூன்றாவது கிருஷ்ணமணி. தாலுகா கச்சேரியில் குமஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவர், மேற்கே வயற்காரர். தெற்கே இருப்பது பிள்ளையின் சொந்த வீடும் தென்னந்தோப்பும்.

"கிழக்கே விடப்படாது. சூரியன் உதிக்கிற திக்கு. அதுல அழுக்கைத் துப்பினா மில் விளங்குமா?" என்றார் தாணப்பன். வெள்ளையடித்த சுவரைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை.

"வடக்கே குபேரனுக்க திசையில்லா," என்றார் பொன்னுலிங்கம். கொப்பரை காய்கிற விஷயம் அவரும் சொல்லவில்லை.

எல்லாரும் மேற்கே பார்த்தார்கள். மேற்கே வெறும் வயல். வயலுக்கு அப்புறமும் வயல். கிருஷ்ணமணி குரலைத் தாழ்த்தினார். "மேற்கே திருவனந்தபுரமாக்கும். காலம் கெட்டுக் கிடக்கு. தமிழ்நாட்டோட சேரணும்னு அங்கங்க கொடி பிடிக்கான். இந்த நேரத்துல நாம குழாய் வச்சு அந்தத் திக்குல அழுக்கை ஊதினோம்னு எவனாவது போய்ச் சொன்னா, நெல் பெர்மிட்டை மறந்துர வேண்டியதுதான்."

மூன்று பேரும் பிள்ளையைப் பார்த்தார்கள். பிள்ளை தொண்டையைச் செருமினார்.

"எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை," என்று தொடங்கினார். "தெற்கேதான் விடணும்னு நானே நினைச்சிருந்தேன். ஆனா அது எமன் திசை. ஒரு நல்ல காரியத்தை எமனைப் பார்த்துத் தொடங்கினோம்னு நாளைக்கு ஊரு சொல்லப்படாது பாருங்கோ."

ஆக நான்கு திசையும் தெய்வங்களுக்கும் சர்க்காருக்கும் போய்விட்டது. மிச்சம் இருந்தது ஆகாயம்.

கிளீட்டஸைக் கூப்பிட்டு, குழாய் வாயை நேரே மேலே திருப்பச் சொன்னார்கள். அவர் ஆகாயத்தைப் பார்த்தார், பிறகு பிள்ளையைப் பார்த்தார். "மேல போனது கீழ வராதா?"

"வரும். யாருக்க தலையில விழும்னு முன்கூட்டிச் சொல்ல முடியாதில்லா? அப்ப யாரும் கம்பெனி மேல வழக்குப் போட முடியாது."

அஞ்சல் இலாகாவில் கற்ற கல்வி வீண்போகவில்லை என்று பிள்ளைக்கு அப்போது பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமையில்தான் அடுத்த யோசனையும் வந்தது. மில்லைத் திறந்துவைக்கத் திருவனந்தபுரத்திலிருந்து உணவு இலாகாப் பெரிய அதிகாரி ஒருவர் வருவதாக இருந்தது. எப்படியும் விறகு எரித்து ஆவியை ஆகாயத்தில் விடத்தான் போகிறோம். அதை அதிகாரி கையாலே திறந்துவிடச் சொன்னால்? வெள்ளை வெளேரென்று ஆவி தென்னை உயரத்துக்குப் பொங்கி எழும். ஜனங்கள் பார்த்துப் பிரமிப்பார்கள். வாணவேடிக்கைக்குத் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டாம்.

கிளீட்டஸ் தலையைச் சொறிந்தாரே தவிர மறுத்துப் பேசவில்லை. பெரிய அதிகாரிக்கு முன்னால் தன் வேலை நடக்கும் என்பது அவருக்கும் பிடித்திருந்தது. குழாய் வாய்க்கு மேலே தகட்டைக் கம்பியால் முறுக்கிக் கட்ட வேண்டியது. கம்பி தேடி நாகர்கோவிலுக்குப் போகச் சோம்பல்பட்டு, கயிற்றால் கட்டிவிட்டார்.

திறப்புவிழாவன்று ஊரே வெள்ளை உடுத்து வந்திருந்தது. பந்தலுக்கு மேலே ஓலை வேயாமல், ஆவி எழும்புவது தெரிய வேண்டும் என்று பிள்ளை திறந்தே விட்டிருந்தார். சந்தன நிற ஜிப்பாவில் அதிகாரி வந்தார். நாகஸ்வரம் ஒரு பக்கம், பாயசம் கொதிக்கிற வாசம் ஒரு பக்கம். கூட்டத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்ற ஒரே ஆள் கிளீட்டஸ். மேகமே இல்லாத நாளில் குடை எதற்கு என்று கேட்கப் பிள்ளை அந்தப் பக்கம் நகர்ந்தார். கேட்க நேரமில்லை. அதிகாரி வால்வுச் சக்கரத்தில் கையை வைத்துவிட்டார்.

முதலில் ஒரு விக்கல் கேட்டது. அதன் பின்னே கேட்ட சத்தத்தில் நாகஸ்வரக்காரர் சீவாளியைக் கடித்துவிட்டார். அடுத்த வளவில் மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. ஆவி வெள்ளையாக எழும்பவில்லை. செம்மண் நிறத்தில் ஒரு பெரிய மரமாக எழும்பிற்று. எல்லாரும் வாயைத் திறந்து மேலே பார்த்தார்கள். அந்தப் பிரமிப்பு பிள்ளை எதிர்பார்த்ததுதான். வாயைத் திறந்துகொண்டிருந்ததுதான் பிசகாகிப்போயிற்று.

வெதுவெதுப்பாக மழை பெய்தது. துரு கரைந்த தண்ணீர், கறுப்புச் செதில், மணல், பீடித் துண்டு. அதிகாரியின் ஜிப்பாவில் ஒன்று, பிள்ளையின் வழுக்கையில் ஒன்று என்று பாரபட்சமில்லாமல் விழுந்தது. தாணப்பனின் புது வெள்ளைச் சுவரில் விழுந்தது. பொன்னுலிங்கத்தின் கொப்பரையில் விழுந்தது. கிருஷ்ணமணி மட்டும் பாயசத்தைப் பார்க்கப் போயிருந்தவர், ஓடிவந்து பந்தலுக்கு நடுவே நின்றுகொண்டார். தான் மட்டும் தப்பினால் அதற்கு ஏதாவது விளக்கம் கேட்பார்கள் என்று பயந்திருக்கலாம்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது திறப்புவிழாவோ, வேறே வல்லதுமோ?" என்று மலையாளம் கலந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். பிள்ளை எழுதிவைத்திருந்த வரவேற்புரையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அதிகாரி பாயசம் குடிக்காமல் காரில் ஏறினார். காருக்கும் புள்ளி விழுந்திருந்தது.

அன்று மத்தியானமே டைரக்டர்கள் கூடினார்கள். யாரும் உடுப்பு மாற்றவில்லை. சேதத்துக்குச் சாட்சி வேண்டுமல்லவா? தாணப்பன் கையில் இன்னொரு சாட்சியும் இருந்தது. கிளீட்டஸ் கயிற்றால் கட்டிய பித்தளைத் தகடு பறந்துபோய் அவர் வைக்கோல்படப்பில் செருகியிருந்தது.

"என்னைக் கொல்லப் பார்த்திருக்கான் அண்ணாச்சி. இன்னா, இதைப் பாருங்கோ," என்று மேசையில் போட்டார்.

"இதைத்தான் நான் காலையில இருந்து தேடுகேன்," என்றார் கிளீட்டஸ். எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அம்மை வார்த்த முகம் மாதிரி தகடு முழுக்கக் குழி. "கண்டேளா? இன்னும் நாலஞ்சு தடவையாவது ஊதணும்."

"ஒரு தடவையும் வேண்டாம். மில் திறந்தாச்சு. அதிகாரி கையால திறந்தாச்சு. நாளைக்கே எஞ்சினை மாட்டி ஓட்டும்," என்றார் தாணப்பன்.

"எஞ்சின் கெட்டுப்போகுமே."

"எஞ்சின் கம்பெனிக்குள்ளது. சுவரு எனக்க சுவரு."

பொன்னுலிங்கமும் கிருஷ்ணமணியும் தலையாட்டினார்கள். பிள்ளைக்கும் தலையாட்டத்தான் தோன்றியது. பட்ட அவமானம் போதும், எப்படியாவது ஓடினால் சரி. ஆனால் கை, மேசையில் கிடந்த தகட்டைத் தொட்டுவிட்டது. விரல் நுனியில் ஒவ்வொரு குழியும் சொரசொரத்தது. வழவழவென்ற சிலிண்டர் சுவரும், அதில் தெரிந்த முகமும் ஞாபகம் வந்தன. அந்த முகத்தில் இத்தனை குழி விழுவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"கிளீட்டஸ், குழாயைத் தெற்கே திருப்பும்," என்றார்.

"தெற்கே உங்க வீடில்லா இருக்கு?"

"தெரியும். திருப்பும்."

"எமன் திசைன்னு சொன்னியளே அண்ணாச்சி," என்றார் தாணப்பன்.

"அவனுக்கும் கொஞ்சம் துரு போகட்டும்."

வீட்டில் இதைச் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை. மறுநாள் காலை பாய்லர் சூடேறி, இந்தத் தடவை கம்பியால் கட்டிய தகட்டோடு குழாய் தெற்கே சீறியபோது, அவர் மனைவி மீனாட்சியம்மாள் தோப்பில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவள் காயப்போட்டது வெள்ளை வேட்டி, எடுத்தது காவி. தொழுவச் சுவர், தென்னை மட்டை, கிணற்றுத் துலா, எல்லாம் ஒரே நிறம். அன்று பிள்ளைக்குச் சோறு விழுந்தது, குழம்பு விழுந்தது, பேச்சு மட்டும் விழவில்லை.

சாயங்காலம் தாணப்பன் மனைவி பிச்சம்மாள் அக்காவைப் பார்க்க வந்தாள். ஆறுதல் சொல்ல வந்ததாகச் சொன்னாள். முகத்தில் ஆறுதலைக் காணோம்.

"என்னக்கா இது, வீடு இந்தக் கோலமாட்டுக் கிடக்கு? அத்தானுக்கு என்ன வந்துச்சு, சொந்த வீட்டுல கொண்டு அழுக்கை அடிச்சிருக்காரே."

புருஷனை நாள் முழுக்க மனதுக்குள் வைதுகொண்டிருந்த மீனாட்சியம்மாள், தங்கை வைதபோது நிமிர்ந்துவிட்டாள்.

"அழுக்கா? யாருட்டி அழுக்குன்னு சொன்னா? அது இரும்புச் சத்தாக்கும். தென்னைக்கு அதைவிட உரம் உண்டா? கொழும்புல வெள்ளைக்காரன் தோப்புக்கெல்லாம் இப்படித்தான் அடிக்கானாம். உங்க அத்தான் ஒண்ணும் தெரியாமலா நம்ம பக்கம் திருப்புவாரு?"

உள்ளே கட்டிலில் படுத்திருந்த பிள்ளை இதைக் கேட்டார். திருத்த எழுந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தன் மனைவி தனக்குப் பரிந்து பேசிக் கேட்டது அதுவே முதல் தடவை என்று தோன்றவும், மெல்லத் திரும்பப் படுத்துக்கொண்டார்.

உரம் என்ற பேச்சு இரவோடிரவாகப் பரவியிருக்க வேண்டும். காலையில் பொன்னுலிங்கம் வாசலில் நின்றார். அதிர்ந்து பேசாத மனிதர் சுற்றி வளைத்துத்தான் தொடங்கினார்.

"கொப்பரை எப்படியும் போச்சு. அதை விட்ருவோம். களத்துக்கு அந்தப் பக்கம் எனக்கும் கொஞ்சம் தென்னை நிக்கு. கம்பெனி ஆவியாக்கும். தலைவர் மட்டும் எடுத்துக்கிட்டா நல்லாருக்காது, இல்லியா?"

"குபேரன் திசை…" என்று பிள்ளை இழுத்தார்.

"குபேரன் வேண்டாம்னா சொல்லப்போறான்?"

குழாய் வடக்கே திரும்பியது. ஊதியதில் இன்னும் ஒரு பெட்டி செதில் போயிற்று. தகட்டில் குழிகள் பாதியாகக் குறைந்தன. பொன்னுலிங்கம் மரம் மரமாகப் போய், மட்டைகளில் படிந்ததைத் தொட்டுப் பார்த்துத் திருப்திப்பட்டார்.

அதற்குள் சேதி வேறு உருவம் எடுத்திருந்தது. இரும்பு ஆவி வாதத்துக்கும் நல்லதாம். கிருஷ்ணமணிக்கு முட்டுவலி. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேற்கு வயல் வரப்பில் போட்டு, வேட்டியை முட்டுக்கு மேலே சுருட்டி உட்கார்ந்துகொண்டார்.

"திருவனந்தபுரம்?" என்றார் பிள்ளை.

"அது கிடக்கு அங்க நாப்பது மைலுக்கு அப்பால. நம்ம ஆவி அதுவரைக்கும் எட்டுமா என்ன? தூரமாட்டுதான் இருக்கேன், நீரு திறக்கச் சொல்லும்."

அவரை இன்னும் தள்ளி உட்காரவைக்கக் கிளீட்டஸ் படாத பாடு பட்டார். வெந்துபோவீர் என்று சொன்னால், கூடுதலாக வேண்டும் என்கிறார். கடைசியில் வயலின் மறுகோடிக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு வால்வைத் திறந்தார்கள். ஆவி பாதி வயலைத் தாண்டவில்லை. முட்டுவலி பாதியாகக் குறைந்தது என்று கிருஷ்ணமணி அன்றைக்கே ஊரெல்லாம் சொன்னார். தகட்டில் எண்ணி நாலைந்து குழிகள்தான்.

தாணப்பன் மட்டும் விறைத்துக்கொண்டு நின்றார். ஆனால் அவர் வீட்டில் பிச்சம்மாள் இருக்கிறாளே. அக்கா தோப்புக்கு விழுந்தது, கொப்பரைக்காரர் தோப்புக்கு விழுந்தது, எனக்கென்று வாய்த்த மனுஷன் வெள்ளைச் சுவரைக் கட்டிக்கொண்டு அழுகிறார் என்று அவள் அடுப்படியில் பாத்திரங்களோடு பேசினாள். பாத்திரங்கள் தாங்கவில்லை. மறுநாள் தாணப்பன் மில்லுக்கு வந்தார். பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல், கிளீட்டஸிடம், "கிழக்கேயும் ஒரு தடவை விட்டுப்போடும்," என்றார்.

"சூரியன்?" என்றார் கிளீட்டஸ்.

"அவரு உச்சிக்கு ஏறினப்புறம் விடும் வேய்."

சூரியன் உச்சிக்கு வந்தபின் விட்டார்கள். குழாய் அதே சத்தத்தோடு சீறியது. ஆனால் வந்த ஆவி பால் போல வெளுத்து, தாணப்பனின் தென்னைகளைத் தழுவிக் கலைந்தது. கிளீட்டஸ் தகட்டைக் கழற்றி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு குழி இல்லை. சிலுவை போட்டுக்கொண்டு தகட்டைப் பிள்ளையிடம் நீட்டினார். பிள்ளை அதில் தன் முகத்தைப் பார்த்தார். வாய் தானாக மலர்ந்திருந்தது.

தாணப்பன் தோப்புக்குள் போய் ஒவ்வொரு மட்டையாக விரலால் தடவினார். விரலை மூக்குக்கு நேரே கொண்டுவந்து பார்த்தார். மறு கை விரலாலும் தடவினார். பிறகு வேகமாக வந்தார்.

"அண்ணாச்சி, எனக்கு ஒண்ணும் விழல்லியே."

"குழாய் சுத்தமாயிட்டு தாணப்பா. அதனாலதான்."

"அப்ப துரு பூராவும் நீங்க எடுத்துக்கிட்டிய. மிச்சத்தை அவங்க ரெண்டு பேரும் எடுத்துக்கிட்டாங்க. எனக்கு வெறும் காத்து. நாலு பங்குல என் பங்கும் ஒண்ணில்லியா? எனக்க பங்குத் துரு வராம இந்தக் குழாயை எஞ்சின்ல மாட்ட விடமாட்டேன்." சொல்லிவிட்டு எஞ்சின் அறை வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

துருவில்லாத குழாயிலிருந்து துரு எடுப்பது எப்படி என்று கொழும்பில் யாரும் கிளீட்டஸுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. பிள்ளை நின்று யோசித்தார். தன் குரலை உயர்த்திப் பார்க்கலாமா என்றும் யோசித்தார். துரு மழைக்குப் பிறகு அந்தக் குரலுக்கு ஊரில் பழைய மதிப்பில்லை.

"சரி. உமக்குள்ளது வரும். எழும்பும்," என்றார். "கிளீட்டஸ், நீரு மாட்டும். நான் இப்ப வாறேன்." தாணப்பன் அரைமனசோடு எழுந்து வழிவிட்டார்.

வீட்டுக்குப் போய் ஈர்க்குமாற்றையும் ஒரு ஓலைப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு தோப்பில் இறங்கினார். தென்னை அடிமூட்டில் உதிர்ந்து கிடந்த செதிலைக் கூட்டத் தொடங்கினார். பெட்டி பாதி நிறைவதற்குள் மீனாட்சியம்மாள் வந்துவிட்டாள்.

"என்ன செய்யிய?"

"கொஞ்சம் தாணப்பனுக்கு. பங்கு கேட்கான்."

"என் தென்னைக்குள்ள சத்தை எதுக்கு அவளுக்குக் கொடுக்கணும்?"

பிள்ளை அவள் முகத்தைப் பார்த்தார். விளையாட்டாகச் சொல்லவில்லை.

"ஏட்டி, அது வெறும் துரு. நீயாக்கும் உன் தங்கச்சிக்கிட்ட உரம்னு சொன்னது."

"நான் ஏன் பொய் சொல்லணும்? பாருங்கோ, அந்தக் குருத்தைப் பாருங்கோ. முந்தாநாள் இப்படியா இருந்துச்சு?" அவள் பெட்டியின் மறுவிளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

பிள்ளை அந்தக் குருத்தைப் பார்த்தார். எல்லாக் குருத்தும் போலத்தான் இருந்தது. கெஞ்சினார். தொழுவத்துப் பக்கம் விழுந்ததை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்றார். கிணற்றடிக்கு இந்தப் பக்கம் தொடக்கூடாது என்று அவள் எல்லை வகுத்தாள். அவர் குனிந்து கூட்டினார், அவள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது மில்லிலிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் ஒரு பெருமூச்சு. அதன் பின்னே தடக்கென்று ஒன்று, சற்று நின்று இன்னொன்று, பிறகு சீராகத் தொடர்ந்து வந்தது. தடை சொல்ல ஆளில்லாமல் கிளீட்டஸ் குழாயை மாட்டி எஞ்சினை ஓட்டிவிட்டார். ஜனங்கள் கூவுவது கேட்டது. கூவியவர்களில் தாணப்பனின் குரலும் இருந்தது.

வள்ளிநாயகம் பிள்ளை ஈர்க்குமாற்றோடு நிமிர்ந்து, மில் இருந்த பக்கம் பார்த்தார். தென்னை மறைத்தது. ஓடிப்போனால் பார்க்கலாம். ஒரு கால் எடுத்தும் வைத்தார்.

"பெட்டியை வச்சிட்டுப் போங்கோ," என்றாள் மீனாட்சியம்மாள்.

பெட்டியை வைத்துவிட்டுப் போனால் திரும்பும்போது அது காலியாகத்தான் இருக்கும் என்று அவருக்குத் தெரியும். பெட்டி இல்லாமல் போனால் தாணப்பன் வாசலில் திரும்பவும் உட்காருவார். பிள்ளை ஈர்க்குமாற்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு, எஞ்சின் ஓடுகிற சத்தத்தை நின்ற இடத்திலேயே கண்ணை மூடிக் கேட்டார். ஒரு பிசிறில்லை. பிறகு குனிந்து, தொழுவத்துப் பக்கம் மிச்சமிருந்ததைக் கூட்டத் தொடங்கினார்.